மணி அடித்தால் எழும்பச் சொன்ன பெனடிக்ற் மாஸ்டர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. வழக்கம்போல எழுந்து நின்றுதான் எடுத்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து டொரீன். "பரமேஸ் அக்கா, மாஸ்டர் போயிட்டார்" என்றாள். கட்டிய கணவனையும் அவள் மாஸ்டர் என்றுதான் சொல்வாள். ஊரே அப்படிச் சொல்லும்போது எனக்கு மட்டும் தனிப் பெயர் எதற்கு என்பாள். விடிய எழும்பி ஒரு சுற்று நடந்துவிட்டு வந்திருக்கிறார். பிளேன்டீ கேட்டிருக்கிறார். அவள் ஊற்றிக்கொண்டு வந்தபோது கதிரையில் சாய்ந்திருந்தாராம். "தேத்தண்ணி ஆறுது, ஆறுது எண்டு சொல்லிட்டே நிண்டேன் அக்கா" என்றாள். நாளைக்கே வாறேன் என்று சொன்னேன். ரிசீவரை வைத்தேன்.

இதை வாசிப்பவர்களில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் இருப்பீர்கள். ஒரு காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் மாடிகளில் விசாவுக்குக் காத்துக் கிடந்தவர்கள். உங்கள் முழங்காலையும் இடுப்பையும் மாஸ்டருக்குத் தெரியும். அவர் உங்களை எப்படி வளைத்தார், நிமிர்த்தினார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். ஒரு சல்லி விளம்பரச் செலவில்லாமல் அவர் ஆள் பிடித்த விதத்தை நான்தான் சொல்ல வேண்டும். அது முழுக்க என் கடையில் நடந்தது.

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நான் ஒரு கொமினிகேஷன் நடத்தினேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று விளங்காது. வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கும் கடை. கண்ணாடிக் கூடு இரண்டு. அதில் ஒன்றின் கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்துப்படாது. சுவரில் கனடா நேரம், லண்டன் நேரம், பாரிஸ் நேரம் காட்டும் மணிக்கூடுகள். காத்திருப்பவர்கள் வரிசையாக உட்கார ஒரு நீள வாங்கு. சண்டைக்குள்ளிருந்து வந்து லொட்ஜ்களில் தங்கியிருந்த சனத்துக்கு வேலையென்று ஒன்றுமில்லை. சாப்பிடுவார்கள், படுப்பார்கள், வாங்கில் வந்து இருப்பார்கள்.

ஒரு மத்தியானம் பெனடிக்ற் மாஸ்டர் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். நெஞ்சு கொஞ்சம் முன்னுக்கு, ஆள் பின்னுக்கு. கையில் ஒரு மட்டை. வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கப்படும் என்று தமிழில் அழகாக எழுதியிருந்தார். சுவரில் தொங்கவிடலாமா என்று கேட்டார். நான் அன்றைக்கு நல்ல குணத்தில் இல்லை. விடியற்காலையிலிருந்து பாரிஸ் லைன் கிடைக்காமல் சனம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

"இஞ்ச சுவரில இடமில்லை. அதோட பயிற்சி கியிற்சி எண்டு தமிழில எழுதித் தொங்கவிட்டு, பொலிஸ் அதை இயக்கப் பயிற்சி எண்டு நினைச்சு என்னையும் உள்ள தள்ளவோ?" என்றேன்.

அவர் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். அது அவருக்கு அதுவரை தோன்றவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அதுவும் சரிதான் அக்கா" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போய்விடுவார் என்று பார்த்தால், வாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதில இருக்கிறவங்க எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"லைன் கிடைக்குமட்டும். சில வேளை மத்தியானச் சாப்பாடும் தவறும்."

"அப்ப எனக்குச் சுவர் வேணாம், இந்த வாங்கு போதும். சுவரில ஒட்டுறத சுவர்தான் வாசிக்கும்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் அவர் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு முன்னால் போய் நின்று, இப்படித் திருப்புங்க, இப்ப இப்படித் திருப்புங்க என்று தொடங்கிவிட்டார். சற்று நேரத்தில் வாங்கு முழுவதும் வலப்பக்கம் திரும்பி இடப்பக்கம் திரும்பியது. வாசலால் போன மீன்காரர் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தானும் கழுத்தைத் திருப்பினார். பாரிஸ் லைனைப் பற்றி அன்றைக்குப் பிறகு ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் நாளைக்கும் வாங்கோ என்று நானே சொன்னேன்.

அவர் கதை மெல்ல மெல்லத் தெரிய வந்தது. கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு உடற்பயிற்சி காட்டுகிற வேலை. குண்டு வெடிக்க வெடிக்க வெள்ளைக்காரர் குறைந்து போனார்கள், ஹோட்டல்காரர் அந்த அறையையே பூட்டிவிட்டார்கள். டொரீனின் தம்பி ஜெர்மனியில் இருந்தான். ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து, அத்தானை அனுப்பு, பிறகு நீ வா என்று நெருக்கிக்கொண்டிருந்தான். என் கடைக்குப் பக்கத்து ஸ்ரூடியோவில் மாஸ்டரைப் படம் பிடித்து, பாஸ்போட்டும் எடுத்தாயிற்று. மாஸ்டருக்குப் போக விருப்பமில்லை. கொட்டாஞ்சேனையை விட்டால் தனக்கு மூச்சு வராது என்பார். அவருடைய ஊர் அது. எங்களைப் போல வந்து தங்கின ஊர் இல்லை.

தம்பியின் அழைப்புக்காக டொரீன் ஒருநாள் கடைக்கு வந்தாள். கதவு சாத்துப்படாத கூடுதான் அவளுக்குக் கிடைத்தது. தம்பி ஏதோ ஏச, "டிசம்பர்ல நத்தார் வரைக்கும் பொறு. அதுக்குள்ள இவருக்குப் பயிற்சி குடுக்க நிலையா நாலு வீடு கிடைக்காட்டி நானே பிளேன்ல ஏத்தி விடுறேன்" என்றாள். வெளியே வந்தவள் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். "எனக்கும் இவரை அனுப்ப விருப்பமில்ல அக்கா. விருப்பத்தப் போட்டுச் சோறு ஆக்கேலாது தானே."

வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு அப்போது ஒரு முறை இருந்தது. மகன் ரொறன்ரோவிலிருந்து எடுத்து, இன்ன லொட்ஜில் இன்ன மாடியில் அம்மா இருக்கிறா, கூப்பிடுங்கோ, அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுக்கிறேன் என்பான். நான் கடையை யாரிடமாவது பாரம் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். மாஸ்டர் அந்த வேலையைத் தான் செய்வதாகச் சொன்னார். கூலி ஒன்றும் வேண்டாம் என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒருநாள் பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் ஆளின் கெட்டித்தனம் விளங்கியது. மூன்றாம் மாடிக்கு இவர் மூச்சு வாங்காமல் ஏறிப் போவார். பிள்ளையின் அழைப்பு என்றதும் அந்த அம்மா விழுந்தடித்து இறங்குவார். இரண்டாம் மாடியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். இவரும் பக்கத்தில் நிற்பார். அவசரப்படுத்த மாட்டார். அந்த அம்மா மூச்சு எடுத்து முடித்ததும் மிகப் பணிவாகக் கேட்பார்: "அம்மா, இறங்கவே இப்படி எண்டா, அங்க பனியில எப்படி நடப்பீங்க?"

கடைக்கு வந்து சேரும்போது அந்த அம்மா மகனிடம் சொல்லும் முதல் விஷயம் மாஸ்டரைப் பற்றியதாக இருக்கும்.

"விளம்பரம் கத்தக் கூடாது அக்கா, மூச்சு வாங்குற நேரத்தில பக்கத்தில நிக்கணும்" என்பார். இப்போது பெரிய பெரிய ஆட்கள் ரை கட்டிக்கொண்டு இதையே வேறு மாதிரிச் சொல்கிறார்கள் என்று என் மகள் சொல்கிறாள்.

ஆனால் ஓடிப் போய்க் கூப்பிடுவதில் ஒரு வில்லங்கம் இருந்தது. யுத்த காலத்துக் கொழும்பில் தமிழன் நடக்கலாம், நிற்கலாம், ஓடக் கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும்தான், ஆனால் கால் கேட்காது. ஒருநாள் காலி வீதிச் சந்திக் காவலரணில் பிடித்துக்கொண்டார்கள். "அய் துவன்னே?" ஏன் ஓடுகிறாய் என்று கேட்டதற்கு, கனடாவிலிருந்து கோல் வந்திருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். யாருக்கு என்று கேட்டார்கள். மூன்றாம் மாடி அம்மாவுக்கு என்றார். அவருக்கு வந்த கோலுக்கு நீ ஏன் ஓடுகிறாய் என்று கேட்டார்கள். அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டார்கள்.

செய்தி கடைக்கு வந்தது. கடைப் பதிவுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, நேர்த்திக்கடன் எல்லாம் வைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், சார்ஜன் துவக்கை மற்றவனிடம் கொடுத்துவிட்டு, மணல் மூட்டையில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் மாஸ்டர், "கொந்த கெலின், கொந்த கெலின்" என்று முதுகை நேராக வைக்கச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். நாள் முழுக்க நின்று நின்று அந்த மனிதருக்கு இடுப்பும் நாரியும் பிடித்துப் போயிருந்ததாம். "அக்கா, பத்து நிமிசம் இருங்க, இவர முடிச்சிட்டு வாறேன்" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு வரப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவர் ஓடுவதை விட்டுவிட்டு, கையை வீசி வேகமாக நடக்கப் பழகினார். அந்த நடையே ஒரு வேடிக்கையாகி, பின்னேரங்களில் கடற்கரைத் தண்டவாளத்தோரம் லொட்ஜ் சனம் அப்படி நடக்கத் தொடங்கியது. காவலரணிலிருந்து சார்ஜன் "ஆ, மாஸ்டர்!" என்று கையைத் தூக்குவார். அதைக் கண்ட ஒன்றிரண்டு பேர் மாஸ்டரைச் சந்தேகப்பட்டதும் உண்டு. அவரோடு ஒரு தரம் படி ஏறினால் அது தீர்ந்துவிடும். உளவு பார்க்கிறவன் எவனும் இப்படி இடுப்பை முறிக்க மாட்டான் என்று ஒருவர் சொன்னார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. நாள் முழுக்கக் கதிரையில் இருந்தபடி எட்டி எட்டி ரிசீவரை எடுப்பேன். ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுச் சொன்னார்: "அக்கா, மணி அடிச்சா எழும்பி எடுங்க. பூசைக்கு மணி அடிச்சா எழும்புறோம் தானே?"

"நான் சைவக்காரி. எங்கட கோயிலில மணி அடிச்சால் கும்பிடுறதுதான், எழும்புறேல்லை" என்றேன்.

"கோயிலுக்குப் போனாத் தானே அக்கா கும்பிடுவீங்க. நீங்க இந்தக் கதிரைய விட்டு எழும்பினத நா காணவே இல்ல."

வாங்கு முழுக்கச் சிரித்தது. ரோசத்தில் எழும்பத் தொடங்கினேன். மணி ஓயாமல் அடிக்கிற கடை. ஒரு மாதத்தில் என் முழங்கால் நோ போன இடம் தெரியவில்லை. அதைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்டார்கள், நான் மாஸ்டரைக் காட்டினேன். அதுவும் அவர் போட்ட கணக்குத்தான் என்பது பிறகுதான் உறைத்தது. மனுசன் என்னையே மட்டையாக்கித் தன் விளம்பரத்தை என் கடையில் தொங்கவிட்டுவிட்டார்.

இத்தனை செய்தும் நிலையான வீடு சேரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லொட்ஜ்க்காரர் பறக்கப் பிறந்தவர்கள். இன்றைக்கு உடம்பு வளைந்து கொடுக்கத் தொடங்கும், நாளைக்கு விசா வரும், மறுநாள் லட்டு தந்துவிட்டுப் போய்விடுவார்கள். "நல்லாச் சொல்லிக் குடுத்தாலும் பறக்குதுகள், குடுக்காட்டியும் பறக்குதுகள்" என்று மாஸ்டர் லட்டைக் கடித்துக்கொண்டு சொல்வார். நத்தார் கிட்டி வந்துகொண்டிருந்தது. ஏஜென்சிக்காரன் ஆயத்தமாக இருக்கச் சொல்லிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் மங்கை மாமியின் விஷயம் நடந்தது. மாமி பருத்தித்துறைப் பக்கம். ஒரே மகன் ரூபன் ரொறன்ரோவில். ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டுக்கொண்டே போக, மாமி மூன்றாம் மாடியில் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பெருத்துப் போனா. படியில் நின்று மாஸ்டரிடம் அகப்பட்டவர்களில் அவதான் முதல் ஆள். பிடித்தால் உடும்புப் பிடி என்பார்களே, மாமி அந்த ரகம். விடிய எழும்பிக் கடற்கரையில் நடை. பிறகு இரண்டு தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது. பின்னேரம் சுவரைப் பிடித்துக் குந்தி இருந்து எழும்புவது. இடியப்பம் இரண்டோடு நிறுத்திக்கொள்வது. மாமி படி இறங்கி வரும்போது இப்போது மாஸ்டருக்கு முன்னால் வந்தா. மாஸ்டர் அவவை லொட்ஜ் லொட்ஜாகக் காட்டாத குறை.

விசா வந்தது. மாமி பாஸ்போட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "பிள்ளை, இதில என்ன எழுதிக் கிடக்கு, வாசிச்சுச் சொல்லு" என்றா. நான் விரித்தேன். படத்தைப் பார்த்தேன். மாமியைப் பார்த்தேன். மறுபடியும் படத்தைப் பார்த்தேன். படத்தில் இருந்தது பூரண சந்திரன் போல ஒரு மனுசி. எனக்கு முன்னால் நின்றது கன்ன எலும்பு தெரிகிற வேறொரு மனுசி. படத்தில் இருப்பவவை இவவின் அக்கா என்றுகூடச் சொல்ல முடியாது. பெரியம்மா என்றால் நம்பலாம்.

அந்தக் காலத்தில் இது சிரிக்கிற விஷயம் இல்லை. மற்றவருடைய பாஸ்போட்டில் ஆள் மாறிப் போகிறவர்களை எயார்போட்டில் துருவித் துருவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டால் விசாவும் போகும், ஆளும் உள்ளே போகவேண்டி வரும். புதுப் பாஸ்போட் எடுத்து அதில் விசா மாற்றுவதென்றால் எத்தனை மாதமோ. டிக்கெட் போட்டாயிற்று. ரூபன் மறுமுனையில் அழாக்குறை. வாங்கில் இருந்த ஒருவர், "மாஸ்டர், நீங்கள் உருப்படியாச் செய்த ஒரே வேலை மனுசியைப் பிடிச்சுக் குடுக்கிறதாப் போச்சு" என்றார்.

மாஸ்டர் வாங்கில் இருந்தார். அவர் அதில் இருந்து நான் கண்டது அன்றைக்குத்தான். மாமி எயார்போட்டிலிருந்து திரும்பி வந்தால், பிறகு வெள்ளவத்தையில் எந்த மாடிப்படியும் அவரை ஏற விடாது. நத்தாருக்குள் நாலு வீடு என்ற கதை அதோடு முடிந்தது. ஆனால் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. "மகனப் பாக்கப் போற மனுசி அக்கா" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எழும்பினார். "இறக்கினவன் நான். நானே ஏத்துறேன்."

பிறகு நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. படி இறங்கத் தடை. நடைக்குத் தடை. ரூபனின் அழைப்புக்கு மாஸ்டரே வந்து, "தம்பி, அம்மா இப்ப நடக்கக் கூடாது, படுத்திருக்கிறாங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்வார். லொட்ஜ் முழுக்க வரிந்து கட்டிக்கொண்டு சமைத்தது. நெய்ப் புட்டு, வடை, பால்சோறு. கொம்பனித்தெருச் சிநேகிதர் ஒருவரின் வீட்டிலிருந்து மாஸ்டர் பாத்திரத்தோடு வட்டிலாப்பம் கொண்டுவந்து பக்கத்தில் நின்று தின்ன வைத்தார். டொரீன் தன் நத்தார் கேக்கை முன்கூட்டியே செய்து அனுப்பினாள். மாமி அழுதழுது சாப்பிட்டா. ஆனால் உடம்பு மாஸ்டருடைய சொல்லை முதலில் கேட்டுவிட்டது, இப்போது மாற்றிச் சொன்னால் கேட்கிறதாயில்லை. வயிற்றில் கொஞ்சம் சேர்ந்தது. முகத்துக்கு ஒரு பருக்கை போகவில்லை.

பயண நாளன்று படத்தில் போட்டிருந்த அதே சீலைச் சட்டையைத் தேடிப் போட்டு, அதே மாதிரித் தலை இழுத்து, அதே அளவில் பொட்டு வைத்து அனுப்பினோம். சட்டை தொளதொளத்தது. மாஸ்டர் பையைத் தூக்கி எயார்போட் வானுக்குள் வைத்துக் கதவை இழுத்துச் சாத்தினார்.

அடுத்த நாள் விடியவே வாங்கு நிறைந்துவிட்டது. மாஸ்டர் விடியக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்துவிட்டார், டொரீனும் கூட வந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் எழும்பி எடுத்தேன். யார் யாரோ. மத்தியானம் போனது. பின்னேரமும் போகப் பார்த்தது. மறுபடி அடித்தது.

"பிள்ளை, மாஸ்டர் நிக்கிறாரோ?" என்றது மாமியின் குரல்.

ரொறன்ரோவிலிருந்துதான். நான் ரிசீவரை எல்லோருக்கும் கேட்கும்படி தூக்கிப் பிடித்தேன். மாமிக்கும் குரலுக்குக் குறைவில்லை.

"கொழும்பு எயார்போட்டில அந்தப் பெடியன் படத்தைப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான், படத்தைப் பாக்கிறான். கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டன். அடையாள அட்டையைக் கேட்டான், குடுத்தன். அதில இன்னும் குண்டு! பிறகு தமிழ் தெரிஞ்ச ஒரு பெரிய அதிகாரிப் பொம்பிளையைக் கூட்டியந்தான். அவ கேட்டா, அம்மா என்ன இப்பிடி மெலிஞ்சு போனியள், ஏதும் நோய் வருத்தமோ எண்டு. வருத்தமோ! எனக்குப் பொல்லாத கோவம் வந்திட்டுது, பிள்ளை. பையைக் கீழ வச்சன். சீலையை இழுத்துச் செருகினன். மாஸ்டர் காட்டித் தந்த மாதிரி அந்த இடத்திலயே குந்தி இருந்து எழும்பினன், இருந்து எழும்பினன். வருத்தக்காரி இப்பிடிச் செய்வாளோ எண்டு கேட்டன். வரிசையில நிண்ட சனம் கை தட்டிச்சுது. அவவுக்குச் சிரிப்பை அடக்கேலாமப் போச்சு. போங்கோ அம்மா எண்டு சீல் குத்திக் குடுத்திட்டு, அந்த மாஸ்டர் எங்க இருக்கிறார் எண்டு கேட்டா. பரமேசின்ர கொமினிகேஷனடியில நிப்பார் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

கடை வெடித்துச் சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, அவங்க செய்யக்க முதுக நேரா வச்சிருந்தாங்களா எண்டு கேளுங்க" என்றார். கேட்டேன். நேராகத்தான் இருந்ததாம். அதற்குப் பிறகு சுவரில் இருந்த ரொறன்ரோ மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. டொரீன் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

மாமி அங்கே சும்மா இருக்கிற ஆள் இல்லை. பிறந்தநாள் வீடு, சாமத்திய வீடு, கோயில் என்று போன இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னா, கேட்டவர்களுக்கு இருந்து எழும்பியும் காட்டினா. கேட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தாயோ தகப்பனோ இருந்தார்கள். பறக்காமல் இங்கேயே சொந்த வீட்டில் இருக்கிற பெரியவர்களும் அதில் இருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் தொடங்கிய பேச்சு ரொறன்ரோவுக்குப் போய், அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பி வந்தது. "அம்மாவைக் கூப்பிடுங்கோ, அப்படியே அந்த மாஸ்டரையும் கூப்பிடுங்கோ" என்று அழைப்பு மேல் அழைப்பு. அந்த எயார்போட் அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே தேடி வந்தார். தன் தாயையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார்.

நத்தாருக்கு முதல் நாள் டொரீனின் தம்பி எடுத்தான். அதே கூடு, அதே சாத்துப்படாத கதவு. "இல்ல தம்பி, அவர் வரமாட்டார். அவருக்கு நேரமில்ல" என்றாள். நேரமில்லை என்ற அந்த ஒரு சொல்லை அவள் எவ்வளவு ஆசையாகச் சொன்னாள் என்பது இப்போதும் எனக்குக் கேட்கிறது.

அதன் பிறகு மாஸ்டர் ஒரு சட்டம் வைத்தார். புதிதாக யார் வந்தாலும் முதலில் பாஸ்போட்டைக் காட்ட வேண்டும். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார். விசா கிட்டடியில் என்றால், "இந்தப் படத்தில இருக்கிற அளவுக்குத்தான் இறக்குவேன், அதுக்குக் கீழ கேக்கக் கூடாது" என்பார். இன்னும் பாஸ்போட் எடுக்காதவர்களிடம், "முதல்ல உடம்பு, பிறகு படம்" என்பார். ஸ்ரூடியோக்காரருக்கு அது பிடித்துப்போய், படம் எடுக்க வருகிற குண்டானவர்களை முதலில் மாஸ்டரிடம் அனுப்பிவிட்டுப் பிறகு தான் எடுத்தார். ஆளுக்கு ஆள் பிழைத்துக்கொண்டோம்.

சண்டை முடிந்தது, லொட்ஜ்கள் அடுக்குமாடிகளாயின, கையடக்கத் தொலைபேசி வந்து என் கடையை விழுங்கிவிட்டது. மாஸ்டர் மட்டும் நிற்கவில்லை. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் வீடு வீடாகப் போய்க்கொண்டே இருந்தார். கடைசிவரைக்கும் ஒரு மட்டை அடிக்கவில்லை, ஒரு பலகை தொங்கவிடவில்லை.

புதன்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு படம் வைத்திருந்தார்கள். ஜெர்மனிக்குப் போகவென்று அன்றைக்கு எடுத்த பாஸ்போட் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். வேறு படம் இல்லையா என்று டொரீனிடம் கேட்டேன். "இவர் எங்க அக்கா ஒரு இடத்தில நிண்டார், படம் எடுக்க?" என்றாள். படத்தைப் பார்த்தேன். ஆளைப் பார்த்தேன். மறுபடியும் படத்தைப் பார்த்தேன். தலைமயிர் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். தோளும் கழுத்தும் தாடையும் இத்தனை வருசத்தில் ஒரு நூல் மாறவில்லை.

"இவரை எந்த எயார்போட்டிலயும் மறிக்க மாட்டாங்கள், டொரீன்" என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். எனக்கும் இரண்டும் வந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. போனை மடியில் வைத்துக்கொண்டிருங்கோ அம்மா என்று மகள் ஏசுகிறாள். நான் அதைக் கூடத்தின் மற்ற மூலையில்தான் வைத்திருக்கிறேன். இந்தக் கிழமை முழுக்க நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். ரூபன் எடுத்தான். மாமிக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆனாலும் விஷயத்தைச் சொன்னதும் எழும்பி நின்றுவிட்டாவாம். ஒவ்வொரு அழைப்புக்கும் நான் இங்கே எழும்பி நின்றுதான் மாஸ்டர் போய்விட்டார் என்று சொல்கிறேன். முழங்கால் நோகவில்லை, மனம்தான் நோகிறது.

இதோ, மறுபடியும் அடிக்கிறது. எழும்புகிறேன், மாஸ்டர்.